மூன்றரை அங்குலம்

என் மச்சான் அழகுமுத்து தன் பிழையை ஒப்புக்கொண்டு ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். மழை விட்டுவிடும் என்று அவர் வாயால் சொல்லிவிட்டால், விடும்வரைக்கும் குடையில்லாமல் லயத்து வரிசை வீட்டு வாசலில் நிற்கிற ஆள். ஒரு தரம் அப்படி நின்று மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார். நான்காம் நாள் மழை விட்டது. கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "சொன்னேன்ல?" என்றார்.

அவருக்கு வாழ்க்கைப்பட்டவள் என் அக்கா நாகலெட்சுமி. இருபத்தெட்டு வருடமாகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். இருபத்தேழு வருடமாக இவரையும் சமாளிக்கிறாள். ஆள் நாலே முக்கால் அடி, குரல் மட்டும் ஆறடி. நான் அவளுடைய தம்பி சுதாகரன். கினிகத்தேனையில் ஹட்டன் ரோட்டோரமாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். இந்த விஷயத்தில் கடைசியில் எல்லாரும் என்னைத்தான் திட்டினார்கள். ஆகவே நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் என் பெயர் இன்னும் கெடும்.

மச்சானுக்கு இரண்டு சொத்து. ஒன்று மகள் தனுஷிகா, மற்றது கெப். பிக்கப் வண்டியை எங்கள் பக்கத்தில் கெப் என்றுதான் சொல்வோம். தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், பதினேழு வருடம் கொழுந்து வாட்டிவிட்டு வேலையை விட்டபோது வாங்கியது. அப்போதே அது கிழடு. இப்போது முப்பத்தைந்து வயதைத் தாண்டிவிட்டது. முன்னுக்கு ஒரே நீள சீட், நடுவில் கியர், பின்னுக்குத் தட்டு. டவுனிலிருந்து தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு காஸ் சிலிண்டர், கோதுமை மா, கூரைத் தகரம், நோயாளி, கல்யாணப் பெண் எல்லாம் அதில்தான் ஏறும். ஒருமுறை ஒரு பசு கன்றோடு ஏறியது. ஆனால் டிரைவர் சீட்டில் மட்டும் வேறு யாரும் ஏறக் கூடாது. அதில் ஒரு சிவப்புத் துவாய் விரித்திருப்பார். வேறு ஆள் உட்கார்ந்தால் சீட்டுக்குப் பழக்கம் கெட்டுப்போகுமாம். பிரேக் பார்க்கக் கொண்டுவந்தால்கூட நான் கீழே படுத்துக்கொண்டு "மிதிங்க" என்பேன், அவர் மேலே இருந்து மிதிப்பார். கட்டிய மனைவிக்கும் இடது பக்கத்துச் சீட்டு, இடது பக்கத்துக் கதவு, அவ்வளவுதான்.

போன வருடத்து மழையில் தோட்டத்து ரோட்டில் பாதி கழுவிக்கொண்டு போய்விட்டது. மிச்சப் பாதியில், மேல் டிவிஷனுக்குத் திரும்பும் முடக்கில், இத்தனை காலம் மண்ணுக்குள் இருந்த ஒரு கல் தலையைக் காட்டியது. கல்யாண வீட்டுக்கு அறுபது நாற்காலி ஏற்றிக்கொண்டு போன மச்சானின் கெப் அந்தக் கல்லின் மேல் வயிற்றை வைத்துப் படுத்துவிட்டது. முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது. அந்த நேரம் பார்த்து வேறு தோட்டத்து ஆள் ஒருவர் டிராக்டரில் வந்தார். நல்ல மனுசன், கயிறு கட்டி இழுத்துவிட்டார். அதோடு போயிருந்தால் ஒரு வில்லங்கமும் இல்லை. கயிற்றைச் சுற்றிக்கொண்டே, கல்யாணத்துக்குப் போயிருந்த நான் உட்பட வீட்டுச் சனம் முழுக்கக் கேட்கும்படியாக, "அண்ணே, வயித்தத் தூக்கிக்கிட்டு நடக்கத் தெரியாத மாட்ட மலைக்கு ஓட்டிக்கிட்டு வரலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மச்சான் அன்று கல்யாணச் சோறு தின்னவில்லை. அவர் சோற்றை விட்டார் என்றால் விஷயம் பெரிது. மறுநாள் விடிய என் கராஜ் வாசலில் நின்றார். பெரிய டயர் போட்டு வண்டியை உயர்த்த வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்றார்.

பழைய வண்டியை உயர்த்துவது பெரிய வித்தை இல்லை, ஆனால் பேராசை கூடாது. பின்னுக்கு, ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் இரண்டு அங்குல இரும்புக் கட்டை. அதைப் பிடிக்க நீளமான போல்ட். முன்னுக்குக் கட்டை வைத்தால் பிரேக் அடிக்கும்போது ஆட்டம் காட்டும். அங்கே பட்டையை வளைத்து இன்னொரு பட்டை சேர்க்க வேண்டும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் அதையும் நீளமாக்க வேண்டும். டயர் இருபத்தெட்டு அங்குலத்திலிருந்து முப்பத்தொன்று. டயர் மூன்று அங்குலம் பெருத்தால் வண்டி ஒன்றரைதான் உயரும். மற்ற ஒன்றரை அச்சுக்கு மேலே போய்விடும். ஆக மொத்தம் மூன்றரை அங்குலம். அவர் ஆறு கேட்டார். ஆறு தூக்கினால் முதல் முடக்கிலேயே வண்டி சாய்ந்து படுக்கும் என்று சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கடைசியில் அக்காவிடம் சொல்வேன் என்றேன். மூன்றரைக்கு இறங்கினார்.

புது டயர் திரும்பும்போது மட்கார்டில் உரசியது. உள் விளிம்பைச் சுத்தியலால் தட்டி மடக்கினேன். ஸ்பெயார் வீல் தட்டுக்கு அடியில் பழைய இடத்தில் புகவில்லை. தூக்கித் தட்டில் போட்டேன். முன் லைட் இரண்டும் ஆகாயத்தைப் பார்த்தன, இறக்கிவிட்டேன். டயர் கடை சிங்கள முதலாளி வந்து, சுற்றிப் பார்த்து, "நியமய்", அருமை, என்று பெருவிரலைக் காட்டினார். அவருக்கு நியமமாகத்தான் இருக்கும், ஐந்து டயர் விற்றவர்.

ஒன்றே ஒன்று சொன்னேன். அதை எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவேன்.

"மச்சான், ரெண்டு பக்கமும் ஒரு படி போட்டுர்றேன். அக்கா ஏறணும்ல."

"படி போட்டா கல்லுல தட்டும். பெறகு தூக்கி என்னா பிரயோசனம்? மூணரை இஞ்சிதானே, அதுல எவளுக்கு ஏற முடியாம போகுது?"

அடுத்த ஒரு வாரம் மச்சானை யாராலும் தாங்க முடியவில்லை. வேண்டுமென்றே அந்தக் கல்லின் மேல் போய் நிறுத்துவார். இறங்கிக் குனிந்து, வண்டிக்கும் கல்லுக்கும் நடுவில் தெரிகிற வெளிச்சத்தை வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டுவார். மீட்டர் கூத்து வேறு. பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் உருளும், ஆகவே மீட்டர் குறைத்துக் காட்டும். தோட்டத்திலிருந்து கினிகத்தேனைக்குப் பத்துக் கிலோமீட்டர் காட்டிய மீட்டர் ஒன்பதைக் காட்டியது. வண்டி உயர்ந்ததால் மேடு பள்ளமெல்லாம் நிரவிப்போய் ரோடு ஒரு கிலோமீட்டர் குறைந்துவிட்டது என்று மச்சான் தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார். நம்பவும் நாலு பேர் இருந்தார்கள். நான் விளக்கப் போனேன். நான் கராஜுக்குள் கிடக்கிறவன், அவர் ரோட்டில் ஓடுகிறவர், ரோட்டைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்று வாயை அடைத்துவிட்டார்.

அக்கா அதில் முதன்முதல் ஏறப்போனது ஒரு வேலை நாள் காலையில். முழங்கால் வலிக்கு டவுன் ஆஸ்பத்திரியில் கிளினிக். இடம், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களம். டிவிஷன் சனம் அத்தனையும் நிற்கிறது. இடது காலைத் தூக்கினாள், முழங்கால் விடவில்லை. வலது காலைத் தூக்கினாள், சேலை விடவில்லை. மூன்றாம் தரம் மச்சான், உதவி செய்கிறாராம், பின்னால் வந்து இடுப்பில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினார். பாதி உயரத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் அக்கா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றாள். களம் முழுக்கச் சிரித்தது. கண்டாக்கு ஐயா, எங்கள் தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர், மேட்டில் நின்று பேர்ப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

கீழே இறங்கிய அக்கா சேலையைச் சரிசெய்தாள். "என்னையத் தூக்கிப் போட நான் என்னா கொழுந்துச் சாக்கா? இனிமே எவன் கையும் பட்டு நான் இந்த வண்டியில ஏறவும் மாட்டேன், எறங்கவும் மாட்டேன்" என்றாள். சொன்னது மச்சானிடம், கேட்டது மலை முழுக்க.

அன்றிலிருந்து அக்கா பஸ், மச்சான் கெப். இரண்டு பேரும் ஒரே காலையில் புறப்பட்டு ஒரே கடையில் சாமான் வாங்கித் தனித்தனியாகத் திரும்பி வருவார்கள். ஒரு சின்ன பெஞ்சியைத் தட்டில் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். பெஞ்சி போட்டு ஏறுகிற வண்டி என்று ஊர் சிரிக்காதா என்றார். அக்கா இருந்த இடத்தில் மரக்கறிக் கூடையை வைத்துக்கொண்டு ஓடினார். கூடை அவர் ஓட்டுவதில் ஒரு குறையும் சொல்லவில்லை. அது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

இப்படி இருக்கும்போதுதான் தனுஷிகாவின் விஷயம் வந்தது. அவள் கினிகத்தேனையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். நோட்டன் பிரிட்ஜ் பையன் லோஜன், கரண்ட் வேலைக்காரன், நோய் நொடி ஒன்றுமில்லாமல் வாரத்துக்கு நாலு தரம் அந்தக் கடைக்கு மருந்து வாங்கப் போயிருக்கிறான். நல்ல பையன். அப்பா இல்லை, அம்மாவும் பெரியப்பாவும்தான். அவர்கள் வந்து பெண்ணைப் பார்க்க முன்னால், எங்கள் பக்கத்தார் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துப் பேச வேண்டும் என்று ஏற்பாடு. பெண் போகக் கூடாது. தாய், தகப்பன், தாய்மாமன் நான்.

அக்கா பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள். தனுஷிகா அழுதுவிட்டாள். "அம்மா ஒரு பக்கத்துல இருந்து, அப்பா ஒரு பக்கத்துல இருந்து வந்து எறங்குனா அவங்க என்னா நெனப்பாங்க? இது சரிவரலன்னா எனக்கு வேற கல்யாணமே வேணாம்" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிற பிள்ளை இல்லை. அக்கா ஒரு நாள் முழுக்க யோசித்தாள். கெப்பில் வருகிறேன், ஆனால் என் மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்றாள்.

வழியையும் அவளே கண்டுபிடித்தாள். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால் ஒரு கல் திட்டு இருக்கிறது. சாக்கை அதிலிருந்து நேரே லொறிக்குள் தள்ளுவார்கள். ஒரு பக்கத்தில் சின்னச் சின்னப் படி. ஞாயிற்றுக்கிழமை காலை, கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலையில், அந்தப் படியில் ஏறித் திட்டின் விளிம்பில் போய் நின்றாள். மச்சான் கெப்பைத் திட்டோடு ஒட்டிக் கொண்டுவந்து கதவைத் திறந்தார். அளந்து செய்தது மாதிரி இருந்தது. வீட்டுக்குள் போகிற மாதிரி ஓர் எட்டு வைத்து உள்ளே போய் உட்கார்ந்தாள். சாக்கு இல்லை என்று சபதம் போட்டவள் சாக்கு ஏற்றுகிற இடத்தில்தான் ஏறினாள். அதைச் சொல்கிற தைரியம் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமையிலும், அன்றன்றே கொடுக்கிற கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பார்கள் என்பதால் கண்டாக்கு ஐயா தராசடியில் நின்றார். ஜன்னலுக்குக் கீழே வந்து, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, மேலே பார்த்து, "எங்கம்மா பயணம்?" என்று கேட்டார். அக்கா அவரை ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டு, "நோட்டனுக்கு. சம்பந்தம் பேச" என்றாள். அதற்குப் பிறகு வழி முழுக்க அவள் வாயே திறக்கவில்லை. மச்சான் ஓட்டுவதில் ஒரு குறையும் சொல்லவில்லை. ஏதோ கோபம் என்று அவர் பயந்துபோனார். நான் பின்னுக்குத் தட்டில், புக இடமில்லாத அந்த ஸ்பெயார் வீலின் மேல், மடியில் பழத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். தாய்மாமனுக்குக் கிடைத்த மரியாதை அது.

நோட்டன் பிரிட்ஜில் லோஜன் வீடு ரோட்டுக்கு வலது பக்கம், சரிவில். வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மண் திட்டு. இடது பக்கம் மழைத் தண்ணீர் ஓடுகிற கான், ஆள் இடுப்பளவு ஆழம். வண்டி போய்ச் சேரும்போது வீட்டு வாசலில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஒருவர் கும்பிட்டபடி நின்றார். மச்சானின் முகம் கறுத்தது. எனக்கும் ஆளைத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு டிராக்டரில் வந்து கயிறு கட்டி இழுத்தவர்தான் மாப்பிள்ளையின் பெரியப்பா, நல்லமுத்து. மலையகத்தில் யாரோடும் பகைக்கக் கூடாது. இன்றைக்குப் பகைத்தால் நாளைக்குச் சம்பந்தியாக வந்து நிற்பான்.

அவரைக் கண்டதும் மச்சானுக்கு வீரம் வந்துவிட்டது. புத்தியுள்ளவன் ரோட்டிலேயே நிறுத்துவான். இவர் ரோட்டை விட்டு இறக்கி, கல்லையும் குழியையும் ஏறி மிதித்து, இடது பக்க டயர் இரண்டும் கானின் விளிம்பைத் தொடுகிற மாதிரி கொண்டுபோய் நிறுத்தினார். வயிறு எங்கேயும் தட்டவில்லை. சாவியைப் பிடுங்கி, தன் பக்கத்துக் கதவைத் திறந்து, திட்டில் கால் வைத்து இறங்கி, "எப்பிடி?" என்கிற மாதிரி நல்லமுத்துவைப் பார்த்தார்.

அக்கா தன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். கீழே பார்த்தாள். கதவை மூடிக்கொண்டாள்.

ஏறுவதைப் பற்றி ஒரு வாரம் யோசித்தோம். இறங்குவதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. நான் பழத் தட்டை வைத்துவிட்டுக் கானுக்குள் இறங்கி ஜன்னலடிக்குப் போனேன். என் தோளில் ஏறி இறங்கு என்று மெதுவாகச் சொன்னேன். அவள் அதைவிட மெதுவாகச் சொன்னாள். "சம்பந்தி வீட்டு வாசல்ல என்னைய மூட்டை மாதிரி எறக்குனா, நாளைக்கு எம்மக இந்த வீட்டுல எப்பிடிடா நிமுந்து நடப்பா? ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதே." அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

உள்ளே போனேன். ஏன் பெண்ணின் அம்மா இறங்கவில்லை என்று கேட்டார்கள். ராகு காலம், கழியட்டும் என்று இருக்கிறா என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நல்லமுத்து சுவரில் தொங்கிய கலண்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். காலை பத்து மணி.

"ஞாயித்துக்கெழம ராகு காலம் சாயந்தரம் நாலரைக்கு, தம்பி" என்றார்.

லோஜன் பாவம், நல்லது செய்வதாக நினைத்து, தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு கானுக்குள் இறங்கி ஜன்னலுக்கு நீட்டினான். சம்பந்தம் பிடித்திருந்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பது. பிடிக்காவிட்டால் பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் எழும்பி வருவது. வீட்டுப் படியே மிதிக்காமல், பேச்சே தொடங்காமல் எப்படிக் குடிப்பது? அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவன் குவளையோடு திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. வாசலில் கூடியிருந்த சொந்தக்காரர்கள் குசுகுசுத்தார்கள். இரண்டாவது நிமிடம் என் போன் அடித்தது. தனுஷிகா. லோஜன் அவளுக்குச் செய்தி அனுப்பிவிட்டான். "மாமா, அம்மா டீ வேணாம்னுட்டாங்களாமே?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமல் அழத் தொடங்கினாள்.

மச்சானுக்கு ஒரு யோசனை வந்தது. வண்டியைத் திருப்பி, அக்காவின் கதவு திட்டுப் பக்கம் வருகிற மாதிரி நிறுத்திவிட்டால் போச்சு. நல்ல யோசனைதான். ஆனால் வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல், விறுவிறு என்று போய் ஏறி, கெப்பை ஸ்டார்ட் பண்ணினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? கோபித்துக்கொண்டு கிளம்புகிறார்கள் என்றுதானே? நல்லமுத்து பாய்ந்துபோய் பொனட்டுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"வீடு தேடி வந்து அவமானப்படுத்துறீங்களா? வீடு புடிக்கலன்னா வாயால சொல்லிட்டுப் போங்க!"

அந்த இடத்தில், "இல்லைங்க, நான் வண்டியத் தூக்குனது பிழையாப் போச்சு, எம் பொஞ்சாதிக்கு எறங்க முடியல" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்தது. அக்கா வாயைத் திறக்காதே என்று முறைத்தது பாதி. இந்த மனுசனுக்கு முன்னாலா என்கிற மச்சானின் வீம்பு மீதி. இஞ்சின் சூட்டைப் பார்க்கத்தான் ஸ்டார்ட் பண்ணினேன் என்றார். நிறுத்திவிட்டு இறங்கி, அவரும் கானுக்குள் வந்தார். லோஜனும் வந்தான். ஆம்பிளைகள் மூன்று பேர், நல்ல உடுப்போடு, கானுக்குள் நின்று ஜன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே அக்கா நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மருமகளின் கல்யாணம் கானோடு போகப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் லோஜனின் அம்மா சிவனம்மா குசினியிலிருந்து வந்தார். அவரும் முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர்; அக்காவைவிட உயரத்தில் அரை அங்குலம் குறைவாகத்தான் இருப்பார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே திட்டில் நின்று பார்த்தார். டயரைப் பார்த்தார். கானுக்குள் நின்ற எங்களைப் பார்த்தார். அக்கா இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். பிறகு ஒருவரிடமும் ஒன்றும் கேட்காமல், டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். திட்டிலிருந்து ஒரு சின்ன எட்டு. சிவப்புத் துவாயின் மேல் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டார். மச்சான் வாயைத் திறந்தார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மொழங்காலா?" என்று சிவனம்மா கேட்டார்.

அக்கா தலையை ஆட்டினாள்.

"எனக்கு ரெண்டும். மழைக்காலத்துல மேல் மலைக்கு ஏறவே மாட்டேன்" என்றார் சிவனம்மா. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்து, இரண்டு தேத்தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு இரண்டு பக்கத்துக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டார்கள்.

அரை மணித்தியாலம். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று ஒரு சொல் கேட்கவில்லை. வாய் அசைவது தெரியும், கை அசைவது தெரியும். ஒரு தரம் அக்கா மச்சானைக் காட்டி ஏதோ சொன்னாள். சிவனம்மா எங்களைத் திரும்பிப் பார்த்து, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். தேத்தண்ணீர் போனது. அக்கா குடித்தாள். நல்லமுத்து அதைப் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டு, மச்சானுக்கு ஒரு வெற்றிலையை நீட்டினார். மச்சான் வாங்கிக்கொண்டார்.

கண்ணாடி இறங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. தை மாதம் கல்யாணம், நோட்டன் கோயிலில், தனுஷிகா வேலையை விடத் தேவையில்லை. சிவனம்மா முதலில் திட்டில் இறங்கினார். கையை நீட்டவில்லை; பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான். அக்கா சேலையை ஒதுக்கி, கியரைத் தாண்டி நகர்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிவப்புத் துவாயின் மேல் ஒரு நிமிடம் இருந்து, திட்டில் கால் வைத்து இறங்கினாள். ஒருவர் கையும் படவில்லை.

அந்தப் பக்கமும் ஒரு கதவு இருக்கிறது. கராஜ்காரன் எனக்குத் தோன்றவில்லை. பதினைந்து வருடமாக அந்தக் கதவைத் திறந்து மூடுகிற மச்சானுக்குத் தோன்றவில்லை. அக்காவுக்கே தோன்றவில்லை. அது அவருடைய கதவு. அதில் அவள் இறங்கலாம் என்று எங்கள் குடும்பத்தில் ஒருவரும் நினைத்ததில்லை என்பதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் திங்கட்கிழமை. கராஜைத் திறக்கும்போதே மச்சான் கெப்போடு நின்றார். இரவு நித்திரை கொண்ட முகமாகத் தெரியவில்லை. பெஞ்சியில் உட்கார்ந்து, இரும்புச் சாமானையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "தூக்குனது பிழைதான் சுதா. கழட்டிரு. நேத்து அவ அழுதுருவாளோன்னு பயந்துட்டேன்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நல்லமுத்து முகத்தில் எப்படி முழிப்பது, ஊர் என்ன சொல்லும், கல்லு என்ன ஆகும், ஒன்றையும் அவர் கேட்கவில்லை. எனக்கு அவர் மேல் பாசம் வந்ததும் அன்றைக்குத்தான்.

பின் டயரைக் கழற்றி, ஒரு பக்கத்து போல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தேன். பஸ் நின்ற சத்தம் கேட்டது. அக்கா இறங்கி வந்தாள். வேலைக்குப் போகாமல் வந்திருக்கிறாள்.

"கழட்டாதே" என்றாள்.

மச்சான் எழும்பி நின்றார். அக்கா கெப்பின் கதவில் கையை வைத்துக்கொண்டு என்னிடம்தான் சொன்னாள்.

"இருபத்தெட்டு வருசமா பெரட்டுக் களத்துல நின்னு அந்த ஐயாமார அண்ணாந்து பாத்துத்தான் பதில் சொல்லியிருக்கேன். அவங்க மேட்டுல, நாங்க பள்ளத்துல. நேத்து மடுவத்துல அவரு என்னைய அண்ணாந்து பாத்து, எங்கம்மா பயணம்னு கேட்டாரு. அம்மான்னு கேட்டாருடா. இந்த ஒசரத்த எறக்கிறாதே. ஒரு படி மட்டும் போட்டுக் குடு."

"படி போட்டா கல்லுல..." என்று மச்சான் தொடங்கினார். பழக்கம், வேறொன்றுமில்லை.

"தட்டட்டும்" என்றாள் அக்கா. "தட்டுனா இவன் நிமித்தித் தருவான். ரெண்டு பக்கமும் போடு."

போட்டேன். அக்காவின் முழங்காலுக்கு அளவெடுத்து, பழைய தண்ணீர்க் குழாயை வெட்டி, வழுக்காமல் மேலே கம்பி ஒட்டி, இரண்டு பக்கமும் போட்டேன். பெயின்ட் காயும்வரை பொறு என்று சொன்னதை அவள் கேட்கவில்லை. இடது கால், வலது கால், ஏறி உட்கார்ந்துவிட்டாள். செருப்பின் அடியில் கறுப்புப் பெயின்ட் ஒட்டியது. மச்சான் கதவைச் சாத்தப் போனார். சாத்துவதற்கு முன்னால், கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, அவளை அண்ணாந்து பார்த்தார்.

"எங்கம்மா பயணம்?" என்று கேட்டார்.